கிண்ணத்துக்குள் கடல்

புனேயில் மீன் என்றாலே ஐஸ் பெட்டியில் வருவதுதான். கேம்ப் சந்தையில் நான் வாங்கிய மட்டிச் சிப்பிகளும் செத்தவை என்றே நினைத்தேன். கணவரின் பிறந்தநாளுக்கு இத்தாலியன் பாஸ்தா செய்வதாக ஏற்பாடு. மண் போகட்டும் என்று, அரிசி களையும் கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து, கல்லுப்பைக் கரைத்துச் சிப்பிகளை ஊறவைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஓடுகள் ஒவ்வொன்றாகத் திறந்து, வெள்ளை நாக்குகள் நீண்டிருந்தன. ஒன்று என் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சியது. தூத்துக்குடிக்காரரான கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் மெதுவாகச் சொன்னார்: "கடல்னு நெனச்சிருக்கும்ல."

குழாயில் வந்த கடக்வாஸ்லா அணைத் தண்ணீர் அது.

பூண்டு வதங்கிய கடாயில் அவற்றைப் போட்டு மூடினேன். பாஸ்தா அருமையாகத்தான் இருந்தது. ஆனால் இன்றும் எதற்காவது தண்ணீரில் உப்பைக் கரைத்தால், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.