பக்கக் கதவு இல்லாத படகு

என் அக்காவின் கணவரை ஊரில் எல்லோரும் சாக்பீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்துகொடுக்கும் தச்சர். பலகையில் ரம்பம் வைப்பதற்கு முன்னால், பட்டறைத் தரையில் முழு அளவில் சாக்பீஸால் வரைந்துவிடுவார். அடுப்பு இங்கே, தொட்டி இங்கே என்று காட்டி, வீட்டுக்காரியை அதற்குள் நடக்கவிட்டுப் பார்ப்பார். இல்லாத அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் முழங்கை இடிக்கும் இடம் அப்போதே தெரிந்துவிடும்.

இந்த மனிதர் படகு வாங்கக் கிளம்பினார். அக்காவுக்கு அப்போது நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது. மருந்தால் தள்ளிப்போடலாம், சரியாக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மாடிப்படி ஏற முடியாதவளை ஆற்றில் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அத்தான் ஒற்றைக் காலில் நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அக்காவுக்கும் ஆசை இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

பழைய மோட்டார் படகுகள் இரண்டு அகப்பட்டன. நீளம் ஒன்றுதான், உள்ளமைப்பு வேறு. இரண்டையும் பட்டறைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார். முதல் படகில் எல்லாமே ஒரே அறை. ஸ்டியரிங்கை ஒட்டி ஒரு பக்கக் கதவு. அதைத் திறந்து கையை நீட்டினால், உட்கார்ந்தபடியே கரைத் தூணில் கயிற்றை மாட்டிவிடலாம். தனிக் கட்டில் கிடையாது. மேசையை இறக்கினால் ஓர் ஆள் படுக்கலாம். இரண்டாவதில் பின்னால் தனி அறை, இரண்டு பேர் படுக்கும் கட்டில். பக்கக் கதவுதான் இல்லை. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் முன்பக்கம் போய்க் கயிறு போட வேண்டும்.

அக்கா இரண்டுக்குள்ளும் மெதுவாக நடந்து பார்த்தாள். பிறகு முதல் படகின் ஸ்டியரிங் இடத்தில் ஸ்டூலைப் போட்டு அத்தானை உட்காரச் சொன்னாள். கரைத் தூண் இருக்கவேண்டிய இடத்தில் அவளே நின்றுகொண்டாள்.

"கையை நீட்டுங்க. எட்டுதா?"

"எட்டுது."

"அப்ப இதையே வாங்குங்க."

"இதுல நீ எங்க படுப்ப?"

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் இல்லாதப்பவும் நீங்க ஓட்டணும்ல."

அத்தான் எழுந்து, செருப்புக் காலால் முதல் படகைத் தேய்த்து அழித்தார். அவள் போய்விடுவாள் என்று ஒத்துக்கொள்கிற படகு அவருக்கு வேண்டாம். கட்டில் இருந்ததை வாங்கினார்.

கோடை முழுக்கச் சுற்றினார்கள். அக்கா முன்பக்கம் உட்கார்ந்தபடியே கயிறு வீசப் பழகினாள். பாதி நேரம் தண்ணீரில்தான் விழும். ஓட்டத் தெரியாதவர் என்று அத்தானைத் திட்டிவிட்டு மறுபடி வீசுவாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதை நான் மறுக்கமாட்டேன்.

மழை தொடங்கியதும் ஒருநாள் நடு ஆற்றில் அவளுக்கு மூச்சு அடைத்தது. கட்டிலில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, அத்தான் பக்கத்துத் துறைக்குப் படகை விரட்டினார். மழையில் துறையில் ஒரு ஈ காக்கை இல்லை. கரையை ஒட்டி நிறுத்தி அவர் முன்பக்கம் ஓடுவதற்குள், வெள்ளம் படகை இழுத்துக்கொண்டு போனது. திருப்பிக்கொண்டு வந்தார். மறுபடியும் அதே கதை. அடுத்த தடவை வந்தபோது அக்கா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். போகாதே என்று கத்தினாராம்.

"நீங்க ஸ்டியரிங்கை விடாதீங்க," என்றாளாம்.

கயிறு தூணில் விழுந்தது. அக்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் பட்டறைக்குப் போனேன். தரையில் முதல் படகை மறுபடி வரைந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கக் கதவு வழியாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எட்டுதுடா," என்றார். மறுபடியும் கையை நீட்டினார்.