பாவற்பந்தலும் பக்கத்து வளவுத் தேனீக்களும்

சண்டிலிப்பாயில் எங்கள் கிணற்றடியில் ஒரு பாவற்பந்தல் போட்டிருக்கிறேன். ஊரில் சந்தைக்குப் போகும் முதல் காய் என்னுடையதாகத்தான் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. போன வருடம் பக்கத்து வளவுக்காரி, என்னைவிட இளையவள், இரண்டு தேனீப் பெட்டி வைத்தாள். அன்றைக்குப் பிடித்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

விடிந்து பூ விரிந்ததும் அவளுடைய தேனீக்கள் வேலிக்கு மேலால் வந்துவிடும். தண்ணீர் இறைப்பது நான், பசளை போடுவது நான், தேன் மட்டும் அவளுக்கு. ஒருநாள் ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தாள். என் கணவர் விரலால் தொட்டு நக்கிவிட்டு, "சோக்கான தேன்! கெட்டிக்காரிதான்," என்றார். என் பாவற்காய்க் கறிக்கு இத்தனை வருடத்தில் அவர் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

மறுநாளே கட்டிலுக்கு மேலே கட்டுகிற இரண்டு பழைய நுளம்பு வலைகளைப் பிரித்துப் பந்தலைச் சுற்றி மூடிக் கட்டினேன். தேனீக்கள் வலையில் முட்டி முட்டித் திரும்பின. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

"ஏனக்கா வலை?" என்று அவள் வேலிக்கு அப்பால் நின்று கேட்டாள்.

"பழ ஈ வருது பிள்ளை, அதுக்குத்தான்," என்றேன்.

இரண்டு கிழமையில் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவுக்குக் கொண்டுபோக ஆளில்லை. எனக்குத் தெரியாத விஷயமா? எரிச்சலில் மறந்துபோனேன். அவசரமாக வலையை அவிழ்த்தேன். ஒரு தேனீயும் வரவில்லை. அவை அவளுடைய முருங்கைப் பூவில் பழகிவிட்டன. ஒரு பூவில் பழகினால் அது முடியும்வரை அதையே சுற்றுகிற சாதி. முந்தி வந்ததற்கு எரிந்தேன், இப்போது வராததற்கு எரிந்தேன். அந்த முருங்கையைத் தறித்துவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன்.

பந்தலில் காய் இல்லாததைக் கண்டு, ஒரு காலை அவளே வந்தாள். ஆண்பூக்களைப் பறித்துத் தரச் சொல்லி, இதழைக் கிள்ளிவிட்டு, பெண்பூ ஒவ்வொன்றிலும் மெல்லத் தொட்டாள். வேலைக்குப் போகிற அவசரத்திலும் ஒன்றையும் விடவில்லை.

"பழ ஈக்கெண்டால் காயைத்தான் மூடுவினம் அக்கா, பூவை இல்லை," என்றாள், தலை நிமிராமல்.

ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். அவள், "அடுத்த பூவைத் தாங்கோ," என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். இவளால் எப்படி இவ்வளவு நல்லவளாக இருக்க முடிகிறது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.