ஒப்பரேஷனுக்கு முன் ஒரு கிரேக்கப் பாடம்

போன செவ்வாய்க்கிழமை பண்டத்தரிப்பிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். வெங்காயத் தோட்டம் செய்கிற மனிதர், அறுபது வயதிருக்கும். அவருடைய மகனுக்கு நான் படிப்பித்த வகையில் பழக்கம். சேர்ட் பொக்கற்றிலிருந்து நாலாக மடித்த கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார்.

அவருடைய மனைவிக்குக் குடலில் கட்டி. அடுத்த கிழமை ஒப்பரேஷன். டொக்டர் எழுதிக் கொடுத்த சொல் கடதாசியில் இருந்தது – இலியோஸ்டமி.

"மாஸ்ரர், மனுசி பயந்த சுபாவம். உந்தச் சொல்லை அவவுக்கு விளங்காத மாதிரித் தமிழில எழுதித் தாங்கோ. கேட்டால் வாசிச்சுக் காட்டலாம்."

விளங்காத மாதிரித் தமிழ்! சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறார். அந்த வேலையை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் இதே சொல் என் மனைவிக்கு எழுதப்பட்டது. குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தின் முனையை வயிற்றுத் தோலில் திறந்துவிடுவார்கள். மலம் அதன் வழியாக ஒரு பைக்குள் இறங்கும். பை எப்போதும் வயிற்றில் ஒட்டியிருக்கும். இவ்வளவுதான் விஷயம். டொக்டர் எனக்குத் தெளிவாக விளங்கப்படுத்தினார். மனைவிக்கு நீங்களே ஆறுதலாகச் சொல்லுங்கள் என்று பொறுப்பையும் தந்தார்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? வருத்தம் நோயாளிக்கு, விபரம் மற்ற எல்லோருக்கும். கொழும்பு மச்சானுக்கு, கனடா மகளுக்கு, பக்கத்து வீட்டுக்கு... கட்டிலில் கிடப்பவருக்கு மட்டும் அது 'சின்ன ஒப்பரேஷன்'.

அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று அவள் கேட்டாள். நான் என்ன செய்தேன்? பாடம் நடத்தினேன். முற்பாதி, சுருளுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது – குடல் சுருண்டு கிடப்பதால். பிற்பாதி 'ஸ்தோமா' – வாய். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'ஈ' என்ற எழுத்து வர வேண்டும், 'ஐ' போட்டால் இடுப்பெலும்பு ஆகிவிடும் என்றேன். ஒப்பரேஷன் சம்மதப் படிவத்தில் யாரோ 'ஐ' போட்டிருந்ததைப் பேனாவால் திருத்தியும் விட்டேன். பையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

மயக்கம் தெளிந்து, போர்வைக்குள் கைவிட்டுத் தடவியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

ஓம் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் பயப்படுவாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் பயந்தவன் நான்.

இதையெல்லாம் வந்தவரிடம் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தால், தேத்தண்ணித் தட்டுடன் என் மனைவி நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ...

தட்டை வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"தம்பி, வீட்டுக்குப் போய் அவவிட்டை உள்ளதைச் சொல்லுங்கோ. நாளைக்கு இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் காட்டுறன்."

மறுநாள் இருவரும் வந்தார்கள். அந்தப் பெண்ணின் கண்கள் வீங்கியிருந்தன. என் மனைவி அவரை அறைக்குள் அழைத்துப் போனாள். ஆண்கள் நாங்கள் விறாந்தையில் உட்கார்ந்து மழையைப் பற்றிக் கதைத்தோம். வேறென்ன கதைப்பது? அறைக்கதவு சரியாகப் பூட்டாது. உள்ளே அழுகை வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஒரு கேள்வி.

"அக்கா, உந்தப் பையோடை கோயிலுக்குப் போகலாமோ?"

"துடக்கு, தீட்டு மாதிரி எண்டு நினைச்சு நானும் ஒரு வருசம் போகேல்லை," என்றாள் என் மனைவி. "பிறகு ஒரு வெள்ளிக்கிழமை துணிஞ்சு போய் நிண்டன். இணுவில் கந்தன் ஒண்டும் சொல்லேல்லை."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு இருவரும்.

ஒரு வருடம்! முழங்கால் வலி, கோயிலில் நிற்க ஏலாது என்றல்லவா என்னிடம் சொன்னாள்? நானும் நம்பி, எண்ணெய் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு மன்னிப்புக் கேட்டேன். நான்கு வருடம் பிந்தி. அவள் என் தோளில் ஒருமுறை கை வைத்து எடுத்தாள். அந்தத் துணிவில், கோயில் விஷயத்தை ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றும் கேட்டுவிட்டேன்.

"கேட்டிருந்தால், நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கியிருப்பியள்."