எலுமிச்சம்பழத்துக்கு முன்னால் ஒரு கட்டை

எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் தோட்டம். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்காரர் ஒரு பிக்கப் வண்டி வைத்திருந்தார். விடியலில் தக்காளி ஏற்றிக்கொண்டு வேலந்தாவளம் சந்தைக்குப் போகும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். பிறகு அதை விற்றுவிட்டோம்.

போன ஆவணியில் அதே மாதிரி பழைய வண்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. இருந்த பணத்தில் பெயிண்ட் அடித்து, சீட்டுக்கு உறை போட்டோம். அந்தப் பழைய நீல நிறம்தான் வேண்டும் என்று நான் கேட்டேன். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை; அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

பூஜைக்கு மாரியம்மன் கோவில் இறக்கத்தில் நிறுத்தினோம். நான் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தேன். வண்டிக்குள்ளே அவர் சாமி கும்பிடுவதற்காகச் செருப்பைக் கழற்ற, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். டயர் மெல்ல என் விரலைத் தொட்டது. அத்தனை ஜனத்தின் முன்னால் சத்தம் போடக் கூச்சமாக இருந்தது. கையை மட்டும் இழுத்துக்கொண்டேன். முந்தானை சக்கரத்தில் மாட்டிய பிறகுதான் கத்தினேன்.

"ஏனுங்க! வண்டி வருதுங்க!"

பிரேக்கை மிதித்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சக்கரத்துக்குக் கல் வைத்ததும் இறங்கி ஓடிவந்தார்.

"ஏனம்மிணி, மொதல்லயே கத்தறதுக்கென்ன?"

"இத்தன பேரு நிக்கறாங்கல்லங்க."

"நீ போயிட்டா எம் பக்கத்துல ஆரு உக்காருவாங்க?"

மறுநாளே ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்தோம். இருந்தாலும் அமாவாசைக்குப் பழம் வைக்கும்போது, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் நான் குனிவதில்லை. "கட்ட வெச்சாச்சா?" என்று உள்ளிருந்து கேட்பார். தெருவுக்கே கேட்கும்படி "வெச்சாச்சுங்க!" என்கிறேன்.