சிக்னல் இல்லாத இடம் தேடி

கொல்லிமலையில் எல்லோரும் சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி அலைவார்கள். சிக்னல் கிடைக்காத இடத்தைத் தேடி பெட்ரோல் போட்டுக்கொண்டு அலைந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

என் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்குச் செம்மேட்டுக்கு மாற்றல் வந்தபோது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மென்பொருள் பொறியாளனாகிய நானும் லேப்டாப்போடு மலையேறினேன். மென்பொருள் பொறியாளன் என்பது நிறுவனம் கொடுத்த பட்டம். உண்மையில் நான் தபால்காரன். மேலாளர் சொல்வதை ஏஐயிடம் கொடுப்பேன். ஏஐ எழுதித் தரும் நிரலை மேலாளரிடம் கொடுப்பேன். நடுவில் உறையைப் பிரித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு இல்லை.

நாங்கள் செய்தது மாத்திரை நேரத்துக்கு மணியடிக்கும் செயலி. மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் என் மாமியார்தான் அதன் முதல் ரசிகை. பிரஷர் மாத்திரையை மறந்து ஒருமுறை மயங்கி விழுந்தவர் அவர். செயலியை அவர் போனில் ஏற்றிக் கொடுத்ததிலிருந்து, மணி அடித்தால்தான் மாத்திரையைத் தொடுவார். "எங்க மாப்பிள்ளை செஞ்சதுங்க" என்று பால் ஊற்ற வருகிறவரிடம்கூடக் காட்டுவார். வருகிற புகழை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

வேலையில் ஒரே தொல்லை, மேலாளர் கேள்வி கேட்பார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, "இந்த இடத்துல ஏன் இப்படி எழுதினீங்க?" என்பார். எழுதியவனைக் கேட்க வேண்டியதை என்னைக் கேட்டால்? "சார்... ஹலோ... மலையில சிக்னல்..." என்று இழுத்து அழைப்பைத் துண்டித்துவிடுவேன். பிறகு ஏஐயிடம் விளக்கம் வாங்கி மின்னஞ்சலில் அனுப்புவேன். பாவம், "மலைமேல ரொம்பக் கஷ்டப்படறீங்க" என்று அவரே எனக்காகப் பரிதாபப்பட்டார். ஆறு மாதச் சோதனைக் காலத்தில் ஐந்தை இப்படியே ஓட்டினேன்.

அப்புறம் செம்மேட்டில் புது டவர் வைத்தார்கள். ஊரே மகிழ்ந்தது. என் சாக்குத்தான் போனது. போதாததற்கு, அருவி பார்க்க வந்த மேலாளரின் தம்பி செம்மேடு பஸ் ஸ்டாண்டிலிருந்தே அவருக்கு வீடியோ கால் போட்டுவிட்டான்.

ஒரு வியாழக்கிழமை காலை மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. நான் கடைசியாகச் செய்த மாற்றத்துக்குப் பிறகு சிலருக்கு மணி அடிப்பதில்லை. மூன்று மணிக்குப் பேசுவோம். வேலை நிரந்தரத்தைப் பற்றியும் அப்போதே பேசிவிடலாம். அந்தச் 'சிலர்' யார் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் வேலைதான் தோன்றியது.

ஏஐயிடம் கேட்டேன். "அருமையான கேள்வி!" என்று தொடங்கி ஐந்து காரணங்கள் சொன்னது. ஐந்தில் எது என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு ஐந்து சொன்னது.

இனி பொய் எடுபடாது. போன் உண்மையாகவே எட்டாத இடத்தில் இருந்தாக வேண்டும். பைக்கை எடுத்துக்கொண்டு டவரை விட்டு வெகுதூரம் போனேன். ஒரு பள்ளத்தில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அப்பாடா என்று நின்றேன். பக்கத்து மரவள்ளிக்கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர், நான் போனையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு இரங்கிவிட்டார்.

"ஏனுங்க, சிக்னலுங்களா?"

"பரவால்லீங்க."

"அட வாங்க சாமி, வெளியூருக்காரரு தவிச்சுட்டு நிக்கறீங்க. மேல பாறையில நல்லா எடுக்குமுங்க."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை. களைக்கொத்தைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேட்டுக்குக் கூட்டிப்போனார். பாறையில் கால் வைத்ததும் நான்கு கோடும் நிறைந்தன. சரியாக மூன்று மணிக்குப் போன் அடித்தது. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "பாத்தீங்களா!" என்றுவிட்டுக் காட்டுக்கு இறங்கிப் போனார்.

"இன்னிக்குக் குரல் தெளிவா இருக்கே," என்றார் மேலாளர். "சொல்லுங்க, அந்தப் பகுதியில என்ன எழுதியிருக்கீங்க?"

போனிலேயே நிரலைத் திறந்தேன். பத்தே வரி. அனுப்பிய நானே அதை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். போன வாரம் சோதித்துப் பார்த்தபோது சிவப்பு எழுத்தில் ஒரு பிழை வந்தபடி இருந்தது. என்ன பிழை என்று நான் கேட்கவில்லை. "இந்தச் சிவப்பு எழுத்து வரக் கூடாது" என்று மட்டும் ஏஐயிடம் சொன்னேன். அது சொல்லைத் தட்டவில்லை. பிழை வந்தால் யாரிடமும் சொல்லாதே, மணியை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார் என்று எழுதிக் கொடுத்திருந்தது.

"படிக்காமதான் அனுப்பினேன் சார்," என்றேன்.

சிக்னல் போய்விட்டதோ என்று ஆசையோடு போனைப் பார்த்தேன். நான்கு கோடும் அப்படியே இருந்தன.

"நிரந்தரத்தை அப்புறம் பேசுவோம். முதல்ல யார் யாருக்கு அடிக்கலைன்னு பாருங்க."

யார் யாருக்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே மாமியாரைக் கூப்பிட்டேன்.

"அத்தை, மாத்திரை போட்டீங்களா?"

"இல்லீங்க மாப்பிள்ளை. நாலு நாளா அடிக்கறதில்லீங்களே."

"அடிக்கலைன்னா என்கிட்டச் சொல்லக் கூடாதுங்களா?"

"உங்களுக்கு நான் என்னத்தச் சொல்றதுங்க? நீங்க எழுதுனதாச்சே. போதும்னு நீங்களே நிறுத்திப்போட்டீங்கன்னு இருந்துட்டேன். கொஞ்சம் கிறுகிறுன்னு வருதுங்க, வேற ஒண்ணுமில்ல."