இடுப்பளவில் நின்ற மதில்

எங்கள் வீட்டுக்கும் நானா வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்று இருக்கிறது. பூச்சு கிடையாது, துருப்பிடித்த கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஊர் அலுவிகாரைக்கு வரும் உறவினர் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்காமல் போனதில்லை. எனக்கு அதைப் பார்த்தால் அப்பாவின் ஞாபகம் வரும், கூடவே சிரிப்பும் வரும்.

மதிலைக் கட்டத் தொடங்கியவர் நானாதான். மாத்தளையில் மிளகு, ஏலம் விற்ற முஸ்லிம் கடைக்காரர்; அண்ணன் என்ற முறையில் ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். அவர் கல் வைத்ததும் எங்கள் பாதை ஒற்றையடிப் பாதையாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் சுகமில்லை. ஆட்டோ வாசல்வரை வந்தால்தான் வெளியே போக முடியும். அப்பா மாத்தளை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அவர் பாதிச் சாட்சி சொல்லியிருந்தபோது நானா கொழும்புக்குப் போய், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் விசாரணைக்கே தடை உத்தரவு வாங்கிவிட்டார். அங்கே முடிவு வரும்வரை காணியை இருந்தபடியே விடவேண்டும் என்றும் உத்தரவு. வழக்கும் நின்றது, மதிலும் நின்றது.

தோற்றுப்போனோம் என்று அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எங்கள் சட்டத்தரணிதான் தேற்றினார். "வழக்கத் தள்ளிட்டாங்கன்னு யாருங்க சொன்னது? கொழும்புல முடிவு வர்ற வரைக்கும் இங்க விசாரிக்க மாட்டாங்க. அம்புட்டுத்தான்."

அப்பாவுக்குப் பாதிதான் விளங்கியிருக்க வேண்டும். உத்தரவை மீறியதாகிவிடுமோ என்று எல்லையில் விழுந்த சருகைக்கூடக் கூட்டவிடமாட்டார். எல்லைப் பலாவில் படர்ந்த மிளகு சிவந்து உதிரத் தொடங்கியது. அந்தப் பக்கம் நானாவுக்கும் அதே பயம். வளர்ந்த மனிதர்கள் இருவர், ஆளுக்கொரு பக்கம் நின்று மிளகு கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீதிமன்றத் தவணை நாளுக்கு மட்டும் தவறாமல் போகவேண்டியிருந்தது. பெயரைக் கூப்பிடுவார்கள், அடுத்த தவணை சொல்வார்கள், முடிந்தது. சண்டை போட அங்கே எதுவுமில்லை. ஒரு தவணையன்று நீதிமன்ற வாசலில் நானா மெல்ல அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாராம்.

"தம்பி, மிளகெல்லாம் பழுத்துக் கொட்டுது. கோட்டு மிளகையுமா நிப்பாட்டிச்சு?"

"எனக்கும் அதுதாங்க நானா வெளங்கல."

இரண்டு சட்டத்தரணிகளும் சிரித்துவிட்டு, பறித்துப் பாதி பாதி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு மரத்தில் இரண்டு ஏணிகள் சாய்ந்தன. அம்மா தேநீரோடு நொண்டி நொண்டி மதில்வரை வந்தார். நானா ஏணியிலிருந்து அதைப் பார்த்தார். அம்மா நடப்பதை அவர் அதற்குமுன் பார்த்ததேயில்லை. இறங்கி வந்து கோப்பையைத் தானே வாங்கிக்கொண்டார்.

பிறகு கொழும்பு மனுவை அவரே வாபஸ் வாங்கினார். தடை நீங்கியது. மாத்தளையில் வழக்கை மறுபடி எடுத்த அன்றே சமாதானம் பதிவானது: ஆட்டோ வருமளவுக்கு முன்பக்க மதிலை இடிப்பது, மீதி அப்படியே இருப்பது. இடித்தது நானாதான். அம்மா ஆட்டோவில் ஏறிக் கோயிலுக்குப் போன அன்று அப்பா சிரித்த சிரிப்பு எனக்குப் போதும்.

அதற்குப் பிறகு அப்பாவும் நானாவும் தினமும் காலையில் அந்த மதிலில் கோப்பையை வைத்துத்தான் தேநீர் குடித்தார்கள். அப்பா இப்போது இல்லை. போன மாதம் மதிலை உயர்த்திப் பூசலாமென்று மேசனைக் கூட்டி வந்தேன். நானா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"ஒசத்த வேணாம் மகள்," என்றார். "பொறகு நான் கோப்பைய எங்க வெக்கிற?"

மேசனை அனுப்பிவிட்டு உள்ளே போய் இரண்டு தேநீர் ஊற்றி வந்தேன்.