சும்மா போன மயில் தட்டு

உடைகிற சாமானை விற்றுப் பிழைக்கிறவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்: சோறு போடாத தட்டை விற்பதைப் போல வாய் வலிக்கிற தொழில் வேறு கிடையாது.

பார்க்கிற ரகாபி

எங்களுக்குச் சரக்கு வாணியம்பாடியில் ஒரு பாய் கடையில். சாதாரணப் பீங்கான் தட்டு, கிண்ணம் எல்லாம் என் வீட்டுக்காரர் எடுப்பார். சுவரில் மாட்டுகிற பூத்தட்டு மட்டும் என் பொறுப்பு. முதல் தடவை போனபோது, பள்ளமே இல்லாத இந்தத் தட்டில் ரசம் எப்படி நிற்கும் என்று கேட்டுவிட்டேன். பாய் சிரிக்கவில்லை. தட்டைக் காதோரம் பிடித்து நகத்தால் ஒரு தட்டு தட்டினார். விரிசல் இல்லை என்று மணி மாதிரி சத்தம் வந்தது. அப்புறம்தான் சொன்னார்: "இது துன்ற ரகாபி இல்லம்மா, பாக்குற ரகாபி." தட்டுக்கு அவர்கள் பாஷையில் ரகாபி.

மயில் கரையுமா

திருப்பத்தூரில் அந்த மாதிரித் தட்டு வாங்குகிற வீடு ஒன்றே ஒன்றுதான், டாக்டர் வீடு. அந்த வீட்டம்மா ரேடியோவுக்கு இரண்டு பக்கமும் மாட்ட ஜோடியாக மயில் தட்டு கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஜோடி வராவிட்டால் இனி நம் கூடை அந்த வாசலில் இறங்காது.

தட்டு வந்த மறுநாள் ஜவ்வாது மலைச் சந்தை. கூட்டம் சேரட்டும் என்று அந்த இரண்டு தட்டையும் கடைக்கு முன்னால் நிறுத்தி வைத்தேன். கூட்டம் சேர்ந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. ஒருவர் தட்டைத் திருப்பி, மயிலின் முதுகுப் பக்கம் எங்கே என்று தேடினார். இன்னொருவர் எச்சில் தொட்டுத் தேய்த்துவிட்டு, வருத்தமாகக் கேட்டார்: "கழுவுனா மயிலு குழம்புல கரைஞ்சிடாதா?"

விலை இல்லை

தோளில் சாமை மூட்டையோடு வந்த ஒரு அம்மா வெகுநேரம் நின்று பார்த்தாள். இன்னா விலை என்றாள். வேறு வீட்டுக்குச் சொன்ன சரக்காயிற்றே. "இதுக்கு வெலை இல்லம்மா, சும்மாதான் வெச்சிருக்கேன்" என்றேன். அதற்குள் என் மகள், ஒன்றரை வயசு, கூடையில் இருந்த வைக்கோலை வாயில் திணித்துக்கொண்டாள். அதை நோண்டி எடுத்துவிட்டுத் திரும்பினால் ஒரு மயிலைக் காணோம்.

கூடையைக் கவிழ்த்து வைக்கோலையெல்லாம் உதறிப் பார்த்தேன். பக்கத்தில் உப்பு விற்கிறவர் சாவகாசமாகச் சொன்னார்: "நீதான சும்மான்னு சொன்ன? அந்தச் சாமைக்காரம்மா கண்ணுல ஒத்திக்கினு, உனுக்கும் ஒரு கும்புடு போட்டு எட்த்துனு பூட்டா."

நார் உறியில்

அவள் ஊரை அவரே சொன்னார். கடையை அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்போதே நடந்தேன். வீட்டைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, வாசலில் அத்தனை பேர். மண் சுவரில் ஆணி நிற்காது என்று, நாரில் உறி மாதிரிப் பின்னி, மூங்கில் கம்பத்தில் மயிலைத் தொங்கவிட்டிருந்தாள். கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடம். நானே அவ்வளவு நல்ல இடம் சொல்லியிருக்க மாட்டேன்.

என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மகளுக்குப் பலாச்சுளை கொடுத்தாள். நான் மெதுவாக, சும்மா என்றால் இலவசம் என்று அர்த்தமில்லை, வெறுமனே பார்க்க வைத்திருந்தேன் என்று விளக்கினேன். அவள் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நானும் சும்மா பாக்கத்தாம்மா வெச்சிருக்கேன். ஒரு வாய்கூட அதுல துன்னலியே" என்றாள்.

தட்டை அவளிடமே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஜோடி எங்கே

ஒற்றை மயிலும், மலைக்காரம்மா என் தலையில் ஏற்றி அனுப்பிய முழுப் பலாப்பழமுமாக டாக்டர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். வீட்டம்மா ரேடியோவுக்கு ஒரு பக்கம் மட்டும் மாட்டினார்கள். மறுபக்க ஆணி வெறுமையாக நின்றது.

வெள்ளிக்கிழமை அலமாரிக் கிண்ணங்களைத் துடைத்து அடுக்க என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் பார்த்தது பெண்ணை இல்லை, அந்த ஆணியைத்தான். ஏன் ஒன்றுதான் இருக்கிறது என்று கேட்டார்கள். டாக்டர் வீட்டம்மா பலாச்சுளைத் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்கள்: "இதுக்கு ஜோடி ஜவ்வாது மலைல ஒரு வீட்ல இருக்குங்க. அதைப் பாக்கணும்னா மலை ஏறித்தான் போவணும்."

சம்பந்தமும் முடிந்தது, கூடையும் அந்த வாசலில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் 'சும்மா' என்ற வார்த்தையை மட்டும் நான் இப்போதெல்லாம் யாரிடமும் சும்மா சொல்வதில்லை.